மகாராணியைக் கண்ட என் தாயார்

கல்வராயன் மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு 'அரசர்' என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. 1971இல் மன்னர் மானியம் ஒழிக்கப்பட்ட பிறகும்கூட, 1976ஆம் ஆண்டு வரை அம்மலை மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையிலேயே இருந்தது. கச்சிராயபாளையம் வழியாகக் கடுக்காயும் புளியும் தேனும் சுமந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கிவரும் மலைவாழ் மக்கள், என் தந்தையாரின் மண்டித் திண்ணையில் அமர்ந்து, ஜாகிர்தாருக்குக் கட்டவேண்டிய வரியைப் பற்றிக் கவலையோடு பேசுவதைச் சிறுவயதில் கேட்டிருக்கிறேன். (அந்தக் கடுக்காய் தோல் பதனிடுவதற்காக ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் போகும்.) ஆனால் அந்த மலையரசர்களில் ஒருவரைக்கூட நான் நேரில் கண்டதில்லை. வாழ்நாளில் நான் கண்ட ஒரே முடியரசர் கடல் கடந்து வந்தவர். அதுவும் அரை நிமிடத்திற்கும் குறைவான காட்சி.

1997 அக்டோபர் 16, வியாழக்கிழமை. என் தாயாரின் சிகிச்சைக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அருகில் அறையெடுத்துத் தங்கியிருந்தோம். நோயைவிட வேறொரு கவலைதான் தாயாரை அதிகமாக அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் என் அக்காள் இரண்டு ஆண்பிள்ளைகளை விட்டுவிட்டு மவுத்தாகிவிட்டார். அப்பிள்ளைகளை வளர்த்தவர் என் தாயாரே. இப்போது அவர்களைக் கள்ளக்குறிச்சியில் அண்டை வீட்டாரின் பொறுப்பில் விட்டு வந்திருந்தோம். சாப்பிட்டார்களா, ஓதப் போனார்களா என்பதே நாள் முழுவதும் பேச்சு.

அன்று சர்தார் பட்டேல் சாலையில் எங்கள் ஆட்டோவைக் காவலர்கள் ஓரங்கட்டி நிறுத்தினர். "இங்கிலாந்து ராணி வருகிறார் பாய். அவர் போகும்வரை அசைய முடியாது" என்றார் ஓட்டுநர். நேரம் போய்க்கொண்டே இருந்தது. தாயார் என் தோளில் சாய்ந்திருந்தார். நோயாளியை இப்படிக் காக்க வைக்கிறார்களே என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போது மோட்டார் சைக்கிள்கள் சீறிச் சென்றன. பின்னால் கார்கள். ஒரு கண்ணாடிக்குள் ஒரு முதிய முகம், மெல்ல அசையும் ஒரு கை. அவ்வளவுதான். எலிசபெத் மகாராணி எங்களைக் கடந்து போய்விட்டார்.

தாயார் எழுந்து உட்கார்ந்து, சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ராணியைவிட மூன்று வயது இளையவர். 1961 பிப்ரவரியில், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, ராணி முதன்முறை சென்னைக்கு வந்தார். அம்மாதம்தான் அவருடைய மகன் ஆண்ட்ரூவுக்கு ஒரு வயது நிறைந்தது. "கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்திருக்கிறாளே" என்று தாயார் அப்போதே அங்கலாய்த்ததாகத் தந்தையார் சொல்வதுண்டு. இப்போதும் அவர் கேட்டது முடியைப் பற்றியோ மாளிகையைப் பற்றியோ அன்று.

"மருமகள் போய்ச் சேர்ந்தாளே, அந்தப் பிள்ளைகள் இப்ப யாரிடம் இருக்கு?"

டயானா பாரிஸ் நகரில் கார் விபத்தில் இறந்து ஏழு வாரங்கூட ஆகவில்லை. மூத்தவர் வில்லியமுக்குப் பதினைந்து வயது, இளையவர் ஹாரிக்குப் பதின்மூன்று. தகப்பனார் இருக்கிறார், பிள்ளைகள் விடுதிப் பள்ளியில் படிக்கிறார்கள் என்றேன்.

"விடுதியிலா? பாட்டி உயிரோடு இருக்கும்போதா?"

ஓட்டுநர் சிரித்துவிட்டார். தாயார் சிரிக்கவில்லை. அன்றிரவு எஸ்.டி.டி. பூத்துக்குத் தம்மை அழைத்துப் போகச் சொன்னார். அண்டை வீட்டுத் தொலைபேசியில் பேரன்கள் இருவரும் பேசினர். மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது, நான் தடுக்கவில்லை.

மறுநாள் நாளிதழில் விவரம் கண்டேன். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நகரில், கமல்ஹாசனின் 'மருதநாயகம்' படத் தொடக்க விழாவில் ராணி கலந்துகொண்டாராம். மருதநாயகம் என்ற முகம்மது யூசுப்கான், கும்பினிப் படையில் பெரும் தளபதியாக விளங்கி, பின் அதனையே எதிர்த்து நின்று, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். அவர் அடக்கத்தலம் சம்மட்டிபுரத்தில் உள்ளது. தூக்கிலிட்ட நாளுக்கு 233 ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, அந்நாட்டு அரசியே அவர் கதைக்கு விருந்தினராக வந்தது விந்தையிலும் விந்தை! அப்படம் இன்றுவரை முழுமை பெறவில்லை.

அப்போது நம் மாநில ஆளுநர் ஃபாத்திமா பீவி அம்மையார். 1989இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானவர். ராணி வந்த ஊரில் ஆளுநராக இருப்பவர் நம்மவர் என்று நான் சொன்னதும் தாயார் முகம் மலர்ந்தது. யூசுப்கானைப் பற்றி மட்டும் ஒன்று கேட்டார்: "அவருக்குப் பிள்ளை இருந்ததா?" சிறு மகன் ஒருவன் இருந்ததாகப் படித்திருக்கிறேன் என்றேன். "யா அல்லாஹ்" என்று கண்களை மூடிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு தாயார் இறைவனடி சேர்ந்தார். பிள்ளைகள் என் வீட்டில் வளர்ந்தனர். 2022 செப்டம்பரில் ராணி மறைந்தபோது, சவப்பெட்டியின் பின்னால் வில்லியமும் ஹாரியும் அருகருகே நடந்துவருவதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். வெள்ளிமலையில் ஆசிரியராக இருக்கும் அக்காள் மகன் உடனே என்னைத் தொலைபேசியில் அழைத்தான்.

"மாமா, நன்னி கேட்ட பிள்ளைகள் இவர்கள்தானே?"