'கற்பகவல்லி' எழுதியவர் இணுவில்காரர்



கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக வாசியுங்கோ.

போன கிழமை பாடசாலை விட்ட நேரம் ஒரு வாப்பா கேற்றடியில் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். மகன் தரம் 8. வாய்ப்பாடு மனதில் நிற்காத பிள்ளை. திடீரென்று ஒருநாள் பதின்மூன்றாம் வாய்ப்பாட்டை மேசையில் தாளம் தட்டி, தானே ஒரு மெட்டுப் போட்டுப் பாடிக் காட்டினான். இப்போது வகுப்பு முழுக்க அந்த மெட்டில்தான் பதின்மூன்றைச் சொல்கிறது. நாங்களும் தடுக்கவில்லை.

வாப்பாவுக்கு அதுதான் கவலை.

"ரீச்சர், இவன் ராவிலயும் மேசையில தட்டிக்கொண்டு கிடக்கிறான். பாட்டுக் கட்டுறது எண்டா அது பிறவியில வாறது. எங்கட பிள்ளையளுக்கு அது சரிவருமா? நீங்க ஒரு சொல் சொல்லி நிப்பாட்டுங்க."

அந்த இடத்தில் எங்களுக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். பெயர் மட்டும் வேண்டாம் என்றார்.

முதலில் ஒரு பழைய கதை.

1990 ஒக்டோபர் 30 அன்று சோனகத் தெருவை விட்டு வெளிக்கிட்டபோது எங்களில் பலர் சின்னப் பிள்ளைகள். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். ஒருநாள் விடியப்புறம் பக்கத்துக் கொட்டில் வானொலியில் டி.எம்.சௌந்தரராஜன் குரலில் 'கற்பகவல்லி' பாட்டுப் போனது. அடுப்பு ஊதிக்கொண்டிருந்த உம்மா ஊதுகுழலைக் கீழே வைத்தா. "யாழ்ப்பாணத்தில விடிஞ்ச மாதிரிக் கிடக்கு" என்றா. பிறகு திரும்பவும் அடுப்பை ஊதத் தொடங்கினா. அவ்வளவுதான்.

எங்களுக்கு யாழ்ப்பாணத்து விடியல் என்றால் சுபஹ் பாங்கு. அதற்குப் பிறகு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அந்தப் பக்கத்துக் கோயில் ஒலிபெருக்கி. பாட்டின் பொருளை யாரும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் மெட்டு காதுக்குள் இருந்தது.

அது இந்தியப் பாட்டு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். மயிலாப்பூர்க் கற்பகாம்பாள் மீது பாடப்பட்டது, பாடியவர் மதுரைக்காரர், வேறென்ன நினைப்போம்? ஊருக்குத் திரும்பி வந்த பிறகு சக ஆசிரியர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது, எழுதியவர் இணுவில் ந. வீரமணி ஐயர் என்று. சோனகத் தெருவில் இருந்து காங்கேசன்துறை வீதியால் போனால் அரை மணித்தியாலப் பயணம்கூட இல்லை. அகதியாக இருந்த இடத்தில் எந்தப் பாட்டு எங்களுக்கு ஊரை ஞாபகப்படுத்தியதோ, அதை எழுதியவரே எங்கள் ஊர்க்காரர்!

அதற்குப் பிறகு அவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினோம். அந்த வாப்பாவின் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

ஐயர் 1931இல் பிறந்தவர். இணுவில் என்றால் நாதஸ்வரமும் தவிலும் விளைந்த மண். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்ததும் அங்கேதான். அப்படியான ஊரில் ஒரு பிள்ளை தாளத்தைப் புத்தகத்தில் படிக்கத் தேவையில்லை, தெருவாலே அது நடந்து போகும்.

இளைஞனாகச் சென்னைக்குப் போய், ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் தொடங்கிய கலாக்ஷேத்திராவில் நடனம் பயின்றார். சாகித்தியத்துக்குப் பாபநாசம் சிவனைக் குருவாகக் கொண்டார். சிவன் மயிலாப்பூர்வாசி. மார்கழி மாதம் அந்த மாடவீதிகளைப் பஜனை பாடிச் சுற்றியவர். தெலுங்குக் கீர்த்தனைகள் மேடையை நிறைத்திருந்த காலத்தில் தமிழில் எழுதிக் குவித்தவர். கபாலீசுவரர் மீதும் கற்பகாம்பாள் மீதும் அவருடைய பாட்டுகள் உண்டு.

இதையெல்லாம் ஒன்றாக வைத்துப் பாருங்கோ. பிறந்த ஊரின் தாளம், நடனப் பயிற்சி, தமிழில் எழுதும் குரு, பக்கத்துத் தெருக் கோயில். ஒரு மாணவன் கைக்கெட்டிய தூரத்தில் இருந்ததை வைத்து எழுதியதுதான் 'கற்பகவல்லி'.

சரி, எப்படி எழுதினார்?

அந்தப் பாட்டு ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று சரணத்துக்குச் சரணம் இராகம் மாறும். எந்தச் சரணம் எந்த இராகமோ, அந்த இராகத்தின் பெயர் அந்தச் சரணத்துக்குள்ளேயே அம்மனின் பெயராக வந்து நிற்கும். சங்கீதம் தெரிந்தவருக்கு அது இராக முத்திரை. தெரியாதவருக்கு அது வெறும் வேண்டுதல். இரண்டு பேருக்கும் பாட்டு முழுமையாகத்தான் கேட்கும். முத்துசுவாமி தீட்சிதர் கையாண்ட வழி இது. இணுவில் பொடியன் அந்த வழியைத் தமிழில், ஒரு பாமரன் பாடக்கூடிய பாட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். இனி அந்தப் பாட்டைக் கேட்கும்போது ஒருக்கால் கவனித்துப் பாருங்கோ.

பிறகு அவர் செய்தது இன்னும் பெரிய வேலை. 72 மேளகர்த்தா இராகங்களிலும் தமிழில் கீர்த்தனை இயற்றினார்.

72 என்பது சும்மா வந்த எண் இல்லை. கணிதம் படிப்பிக்கிற எங்களுக்கு இது ஒரு நல்ல பாடம். 'ச', 'ப' இரண்டும் அசையாது. 'ரி', 'க' இரண்டும் 6 விதமாகச் சேரும். 'த', 'நி' இரண்டும் இன்னொரு 6 விதம். 'ம' 2 விதம். 6 × 6 × 2 = 72. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி என்பவர் போட்ட கணக்கு இது. பிற்காலத்தில் அந்த இராகங்களின் பெயர்களுக்குள்ளேயே அவற்றின் இலக்கத்தையும் ஒளித்து வைத்தார்கள். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1. திருப்பி வாசித்தால் 15. அது பதினைந்தாவது மேளம். சங்கீதம் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக் கொடுக்கும் இராகமும் அதுதான். 'கற்பகவல்லி'யில் வரும் கல்யாணிக்கு முழுப்பெயர் மேசகல்யாணி. 'மே' 5, 'ச' 6. திருப்பினால் 65.

இந்த 72இல் 40 இராகங்கள் விவாதி மேளங்கள். அவற்றில் சுரங்கள் ஒன்றோடொன்று நெருங்கி நின்று காதை இடறும். பலர் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். ஐயருக்கு முன்பே கோடீசுவர ஐயர் 72 மேளங்களிலும் தமிழில் இயற்றியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் எத்தனை பேர் அந்த வழியால் போனார்கள்? பிடித்த இராகம் நாலில் எழுதிவிட்டு நின்றிருந்தால் யாரும் ஐயரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அட்டவணையைக் கடைசி வரைக்கும் செய்து முடித்தார்.

வாப்பா, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தோம். பிறவியில் என்ன வந்ததோ அல்லாஹ் அறிவான். எங்கள் கண்ணுக்குத் தெரிவது குருவிடம் இருந்த இருப்பும், போட்ட கணக்கும், விடாத எழுத்தும்தான். இது சோம்பேறி செய்யும் வேலை இல்லை. படிப்புக்கு எதிரான வேலையும் இல்லை. ஐயரே ஓர் ஆசிரியர். ஆசிரிய கலாசாலையில் விரிவுரையாளராக இருந்து எங்களைப் போன்றவர்களை உருவாக்கியவர். 2003இல் காலமாகும் வரைக்கும், ஊர்க் கோயில்களுக்கும் நடன ஆசிரியர்களுக்கும் எத்தனையோ உருப்படிகள் எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு விசயம். இசை விசயத்தில் எங்கள் சமூகத்தில் ஒரே கருத்து இல்லை. அதைத் தீர்த்து வைக்கிற தகுதி எங்களுக்கில்லை, உலமாக்கள் இருக்கிறார்கள். ஆனால் "எங்கட ஆக்களுக்கு இது வராது" என்று மட்டும் சொல்லாதீங்கோ. குணங்குடி மஸ்தான் சாஹிபின் பாடல்கள் இல்லாமல் தமிழ் இல்லை. நாதஸ்வரத்தில் ஷேக் சின்ன மௌலானாவைத் தாண்டி எத்தனை பேரைச் சொல்வீர்கள்? எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதை வீட்டில் நீங்கள் சொல்லிக் கொடுங்கோ. அது உங்கள் உரிமை. வாய்ப்பாட்டுக்கு மெட்டுப் போடும் மூளையை மட்டும் அணைத்துவிடாதீங்கோ.

இரவில் மேசையில் தட்டினால் நித்திரை கெடும்தான். அதை நாங்கள் அவனிடம் சொல்கிறோம். பதிலுக்கு அவனுக்கு ஒரு வீட்டுவேலை கொடுத்திருக்கிறோம். பதினேழாம் வாய்ப்பாட்டுக்கு வேறு மெட்டு, வேறு தாளம். பதின்மூன்றின் மெட்டைத் திரும்பப் போடக்கூடாது. இரண்டு நாளாக முழிக்கிறான். முழிக்கட்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இணுவில், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்தில் வீரமணி ஐயரிடம் நேரடியாகப் படித்தவர்கள் யாராவது இதை வாசித்தால், ஒருநாள் எங்கள் பிள்ளைகளுடன் வந்து கதைக்க முடியுமா? கச்சேரி வேண்டாம், மேடை வேண்டாம். அவர் எப்படி உட்கார்ந்து எழுதுவார், பிழைத்தால் எப்படித் திருத்துவார் என்று சொன்னால் போதும். தேத்தண்ணி எங்கள் பொறுப்பு.

அந்த வாப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.