உம்மாவின் புளொப்பி

எங்கள் வீட்டுக்கு வரும் யாராவது கைத்தொலைபேசியில் ஏதாவது செய்யத் தெரியாமல் நின்றால், உம்மா உடனே கையை விரித்துவிடுவார். "எனக்கு இந்தக் கம்பியூட்டர் சாமானெல்லாம் தெரியாது. மகளிட்டக் கேளுங்க." இதைக் கேட்டுக் கேட்டே நான் வளர்ந்தேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாக எடுத்தபோது, வீட்டில் இதைப் பற்றிப் பேச ஓர் ஆள் இல்லையே என்ற குறை எனக்குள் இருந்தது.

சென்ற டிசம்பர் விடுமுறையில் உம்மாவின் பழைய இரும்புப் பெட்டியைத் துப்புரவு செய்தோம். கலியாணச் சேலைக்கு அடியில் ஒரு மட்டைப் பெட்டி கிடந்தது. அதற்குள் பத்துக் கறுப்புச் சதுரங்கள், ஒவ்வொன்றும் கடதாசி உறைக்குள். ஒன்றின் மேல் உம்மாவின் கையெழுத்தில் "சாறன் - 94" என்று எழுதியிருந்தது.

"இது என்ன உம்மா?"

"புளொப்பி. அஞ்சேகால் இஞ்சி."

சொல்லிவிட்டு அவர் சேலையை மடித்துக்கொண்டே இருந்தார். நான்தான் அசையாமல் நின்றேன். ஒன்றும் தெரியாது என்று சொல்பவர் அளவோடு அல்லவா சொல்கிறார்!

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. 1994இல் உம்மா உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கல்முனையில் ஒரு கணினி வகுப்புக்கு ஆறு மாதம் போயிருக்கிறார். அப்போது மருதமுனையில் மூத்தவாப்பா கைத்தறி நடத்தினார். பதினொரு பேர் அவருக்காகச் சாறன் நெய்தார்கள். யாருக்கு எவ்வளவு நூல் கொடுத்தது, யார் எத்தனை சாறன் தந்தது, எவ்வளவு கூலி என்று ஒவ்வொரு வியாழக்கிழமை இரவும் மூத்தவாப்பா கொப்பியோடு மல்லுக்கட்டுவாராம். அந்தக் கணக்கைச் செய்ய உம்மா ஒரு நிரல் எழுதினார். அதுதான் வகுப்பில் அவருடைய இறுதி வேலை. அதன் பிறகு கலியாணம் வந்தது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த தறிக்கொட்டில் போயிற்று. தறிகளும் கணக்குக் கொப்பிகளும் போயின. நெய்தவர்களில் இரண்டு பேரும் மௌத்தாகிவிட்டார்கள். வீதிக்கு மேற்கே இருந்த வீட்டில், இரும்புப் பெட்டிக்குள் இருந்தபடியால் இந்தப் பத்து புளொப்பிகளும் தப்பிவிட்டன.

"அப்ப அந்தக் கணக்கு இன்னும் இதுக்குள்ள இருக்குமா உம்மா?"

"முப்பது வருஷம் புள்ள. ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மூன்றரை அங்குலப் புளொப்பி என்றால் யூ.எஸ்.பி. மூலம் பொருத்தும் றைவ் ஒன்றை வாங்கி மடிக்கணினியிலேயே பார்த்துவிடலாம். ஐந்தேகால் அங்குலத்துக்கு அந்த வழி கிடையாது. அதற்கேற்ற பழைய றைவ் வேண்டும். அந்த றைவோடு பேசத் தெரிந்த கட்டுப்பாட்டு அட்டை வேண்டும். அந்த அட்டையைச் செருகப் பழைய கணினியும் வேண்டும்.

கல்முனையில் மாமாவுக்கு ஒரு திருத்தும் கடை இருக்கிறது. பின்னறையில் ஒரு 386 கணினி தூசு பிடித்துக் கிடந்தது. இரண்டு அளவு றைவ்களும் அதில் இருந்தன. ஆனால் அட்டையை யாரோ கழற்றிவிட்டார்கள். மாமா ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொட்டி, அதற்குள்ளிருந்து ஓர் அட்டையை எடுத்துத் தந்தார்.

"மூணு நாள் தாறன் மகள். அதுக்குள்ள சரி வராட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான்" என்றார்.

இன்றைய தாய்ப்பலகையில் எல்லாம் ஒன்றாகவே பதிந்திருக்கும். 386 காலத்தில் அப்படியில்லை. புளொப்பி, வன்தட்டு, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கான இணைப்புகள் தனி அட்டையில் இருக்கும். அதைத் தாய்ப்பலகையிலுள்ள நீண்ட கறுப்புத் துவாரத்தில் செருக வேண்டும்.

முதல் நாள் அட்டையைத் தொடவே முடியவில்லை. தாய்ப்பலகையில் பீப்பாய் வடிவில் ஒரு சிறிய பற்றரி இருந்தது. அது கசிந்து, சுற்றியிருந்த செப்புக் கோடுகளில் பச்சை பூத்திருந்தது. அந்தக் கசிவு காரத்தன்மை உடையது. ஆகவே பற்றரியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தை வினாகிரியால் நனைத்து, பல் தூரிகையால் மெதுவாகத் தேய்த்து, பிறகு அற்ககோலால் துடைத்தேன். இரசாயனவியல் பாடம் இப்படிப் பயன்படும் என்று நினைத்திருக்கவில்லை. பற்றரி இல்லாததால் கணினிக்கு நினைவு நிற்காது. ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் திகதி, றைவ் வகை எல்லாவற்றையும் புதிதாகச் சொல்ல வேண்டும்.

மின் இணைப்பைக் கொடுக்கும்போது மாமா பக்கத்தில் வந்து நின்றார். தாய்ப்பலகைக்குப் போகும் இரண்டு செருகிகளும் ஒரே மாதிரி இருக்கும். இடம் மாறினால் பலகையே எரிந்துவிடும். "கறுப்பும் கறுப்பும் நடுவில வரோணும். அதை மட்டும் மறக்காத" என்றார்.

இரண்டாம் நாள் அட்டையைச் செருகிக் கணினியை எழுப்பினேன். திரையில் வந்தது ஒரே வரி: "எஃப்.டி.டி. கொன்ட்ரோலர் ஃபெய்லியர்." அட்டை இருக்கிறது, ஆனால் கணினி கூப்பிட்டால் பதில் இல்லை.

1981இல் வந்த ஐ.பி.எம். பீ.சீ.யில் புளொப்பியைக் கட்டுப்படுத்தியது என்.ஈ.சீ. நிறுவனத்தின் 765 என்ற சில்லு. அதன் பிறகு வந்த அட்டைகளும் அதே வழியைப் பின்பற்றின. கணினி அந்த அட்டையை 3எஃப்0 என்று தொடங்கும் முகவரியில்தான் தேடும். அட்டை தன் வேலை முடிந்ததைச் சொல்ல 6ஆம் இலக்கக் குறுக்கீட்டைப் பயன்படுத்தும். அந்த முகவரியில் ஆள் இல்லாவிட்டால் றைவ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பயனில்லை.

அட்டையில் எறும்பு அளவு எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. கைத்தொலைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். புளொப்பிப் பகுதியை இயக்கவும் நிறுத்தவும் ஒரு ஜம்பர் இருந்தது. ஒரே கணினியில் இரண்டு புளொப்பிக் கட்டுப்பாட்டாளர்கள் ஒரே முகவரியில் இருந்தால் மோதிக்கொள்ளும். அதனால் யாரோ ஒரு காலத்தில் இதை நிறுத்தி வைத்திருக்கிறார். ஒரு நெல்மணி அளவுள்ள பிளாஸ்திக் துண்டை ஓர் ஊசியிலிருந்து மற்ற ஊசிக்கு மாற்றினேன். பிழைச் செய்தி மறைந்தது.

ஆனால் மூன்றரை அங்குல றைவின் விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தது. கேபிளைத் தலைகீழாகச் செருகியிருந்தேன். கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு முதலாம் ஊசியின் பக்கம் இருக்க வேண்டும். அதையும் திருத்தினேன். பிறகு டொஸ் இருக்கும் புளொப்பியை மூன்றரை அங்குல றைவில் போட்டேன். அதுதான் ஏ றைவ் என்று கணினிக்குச் சொல்லியிருந்தேன். ஆனால் ஏயைக் கூப்பிட்டால் பியின் விளக்குத்தான் எரிந்தது. இரவு எட்டு மணி வரை கழற்றினேன், பூட்டினேன். அட்டையை மாற்றிச் செருகினேன். அசைவில்லை.

மூன்றாம் நாள் கணினியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். மேசையில் எல்லாவற்றையும் விரித்து வைத்துக்கொண்டு கன்னத்தில் கை வைத்திருந்தபோது, உம்மா தேங்காய் துருவியபடி குசினி வாசலில் நின்று பார்த்தார்.

"முறுக்கு எந்தப் பக்கம்?" என்றார்.

"என்ன முறுக்கு?"

"கேபிள்ல நடுத் தலைக்கும் கடைசித் தலைக்கும் இடையில கொஞ்சக் கம்பி முறுக்கி இருக்கும், பாரு. முறுக்குக்குப் பிறகு வாறது ஏ. முந்தி வாறது பி. சேர் போர்ட்ல படம் கீறிக் காட்டினவர்."

பார்த்தேன். முப்பத்துநான்கு கம்பிகளில் ஏழு கம்பிகள் ஒரு புரட்டுப் புரண்டிருந்தன. இரண்டு றைவ்களும் ஒரே மாதிரி அமைக்கப்பட்டே வரும். எது ஏ, எது பி என்று பிரித்துக் காட்டுவது அந்தப் புரட்டுத்தான். இரண்டு நாளாக அதைக் கையில் வைத்திருந்தும், கேபிள் செய்தவர்களின் பிழை என்று நினைத்து நான் கணக்கில் எடுக்கவில்லை. றைவ்களை இடம் மாற்றிச் செருகினேன். கணினி ஏயைக் கூப்பிட்டது. ஏ பதில் சொன்னது. டொஸ் எழும்பி, திரையில் ஏ என்ற எழுத்து வந்து நின்றது.

உம்மா தேங்காயை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்தார்.

பத்து புளொப்பிகளில் மூன்றில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அவற்றைப் போட்டால் பூஞ்சணம் வாசிக்கும் தலையில் ஒட்டி, அடுத்து வரும் நல்ல புளொப்பியையும் கீறிவிடும். அவற்றை ஒதுக்கி வைத்தோம். "சாறன் - 94" சுத்தமாக இருந்தது. அதன் ஓரத்திலுள்ள வெட்டை நாடாவால் மூடினேன். அப்படி மூடினால் றைவ் அதில் எதையும் எழுதாது, வாசிக்க மட்டும் செய்யும். பிறகு பி றைவில் செருகி, நெம்பைத் திருப்பினேன்.

கர்கர் என்றது. நின்றது. மீண்டும் கர்கர் என்றது. பிறகு பெயர்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஜீ.டபிள்யூ. பேசிக் மொழியை இயக்கும் கோப்பு. சாறன் என்ற நிரல். அப்ளை என்ற ஒரு கடிதம்.

முதல் வேலையாக மூன்றையும் ஏ றைவுக்குப் பிரதி செய்யப் பார்த்தேன். இரண்டு வந்தன. கடிதம் வரவில்லை. "டேற்றா எரர்" என்று சொல்லி, விடவா, மீண்டும் பார்க்கவா என்று கேட்டது. நான்கு முறை மீண்டும் பார்க்கச் சொன்னேன்.

"விடு மகள்" என்றார் உம்மா. "அது வாசிக்காட்டியும் பரவாயில்ல."

அடுத்த நாள் கேட்டபோதுதான் சொன்னார். அதே வகுப்பில் உதவிப் போதனாசிரியர் வேலைக்கு எழுதிய விண்ணப்பம் அது. கலியாணத் திகதி குறித்துவிட்டார்கள். அவர் அதை அனுப்பவேயில்லை.

நிரலைத் திறந்தோம். 10ஆம் வரியில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு: "வாப்பாவுக்காக." அதற்குக் கீழே தரவு வரிகளில் பதினொரு பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சாறனுக்கான கூலி. உம்மா திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். இவர் முன்வீட்டு மாமி. இவருக்குக் கரை நெய்வதில் பேர். இவர் சவூதிக்குப் போனவர். இரண்டு பெயர்களில் அவருடைய விரல் கொஞ்சம் கூடுதலாக நின்றது. நான் கேட்கவில்லை. மூத்தவாப்பாவின் கொப்பிகள் போன பிறகு அந்தப் பதினொரு பேரும் ஒன்றாக எழுதப்பட்டிருப்பது இப்போது இந்த ஓரிடத்தில் மட்டும்தான்.

நிரலை ஓட விட்டோம். அது எத்தனை நாள் வேலை என்று கேட்டது. நான் விளையாட்டாகப் பூச்சியம் கொடுத்தேன். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்று சொல்லிவிட்டு, திரையில் ஏதோ பெரிய எண்ணைக் காட்டியது.

உம்மா சிரித்துவிட்டார். "இதைத்தான் சேரும் கேட்டவர். பூச்சியம் குடுத்தா என்ன செய்யும் எண்டு. திருத்திக்கொண்டு வாறன் எண்டு சொன்னன். பிறகு நான் போகல்ல."

"இப்ப திருத்துங்களன்."

கொஞ்ச நேரம் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அழுத்தினார். நாளைக் கேட்பது 80ஆம் வரி. வகுப்பது 90ஆம் வரி. உம்மா 85 என்று எழுதி, நாள் பூச்சியமானால் திரும்பவும் 80க்குப் போ என்று எழுதினார்.

"பத்துப் பத்தா இலக்கம் போடச் சொல்லித் தந்தது இதுக்குத்தான்" என்றார். "இடையில மறந்தது பிறகு ஞாபகம் வந்தா, அதை எழுத இடம் வேணுமே."

மீண்டும் ஓட விட்டோம். பூச்சியம் கொடுத்தேன். நிரல் ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் நாளைக் கேட்டது. அதைப் புதிய புளொப்பியில் சேமித்தோம். பதினொரு பெயர்களையும் ஒரு கடதாசியில் எழுதி மாமாவுக்குக் கொடுத்தேன். அவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, கணினியை இரும்புக்காரனுக்குக் கொடுக்கப்போவதில்லை என்றார்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டு மாமி கைத்தொலைபேசியோடு வந்து வாசலில் நின்றார். வழக்கமான பதிலுக்காக நான் எழும்பத் தயாரானேன்.

"கொண்டு வாங்க, பாப்பம்" என்றார் உம்மா.