கல் விளைந்த காடு, கள்வர் இருந்த வழி

கொடுமணலில் போய் நின்றால் பார்ப்பதற்கென்று பெரிதாக எதுவும் இல்லை. கோபுரம் கிடையாது, கோட்டை மதில் கிடையாது. நொய்யலின் வடகரையில் மேட்டாங்காடு, கிளுவை வேலி, வேலமரங்கள், அங்கங்கே மண்ணுக்கு மேலே விளிம்பு காட்டும் கற்பலகைகள், அவற்றைச் சுற்றி வட்டமாக நட்ட கற்கள். வெள்ளகோவிலிலிருந்து காங்கயம் போய் வடக்கே திரும்பினால் ஒரு மணி நேர வழி. சென்னிமலையிலிருந்து மேற்கே சுமார் 15 கி.மீ. தெரியாதவர்கள் ஆடு மேய்கிற காடு என்று நினைத்துக் கடந்துவிடுவார்கள். கொங்கு நாட்டில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய தொழில் நகரம் அந்த மண்ணுக்கடியில்தான் கிடக்கிறது.

தங்கம் தோண்டிய ஊர், அந்தத் தங்கத்தை வழிமறித்த துப்பாக்கிக் கொள்ளையர் என்றால் பலருக்கும் ஆஸ்திரேலியா நினைவுக்கு வரும். 1851-இல் நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் தங்கம் கிடைத்தது. பல்லாரட், பெண்டிகோ என்ற கூடார முகாம்கள் சில ஆண்டுகளில் நகரங்களாயின. வெட்டிய தங்கத்தைக் காவலர் துணையோடு வண்டியில் அனுப்பினார்கள். 1862 ஜூனில் ஃபிராங்க் கார்டினர் கூட்டம் யுகோவ்ரா என்ற இடத்தில் பாறைகளுக்குப் பின்னால் பதுங்கிச் சுட்டு, சுமார் 14,000 பவுன் மதிப்புள்ள தங்கத்தையும் பணத்தையும் அள்ளிக்கொண்டு போனது. பின்னால் வந்த நெட் கெல்லியை 1880-இல் மெல்பர்னில் தூக்கிலிட்டார்கள். அந்த நாட்டில் இன்றும் அவன் கதை ஓயவில்லை.

அந்தக் கதையின் உறுப்புகள் எல்லாம் நம் பக்கத்திலும் உண்டு. மண்ணுக்குள் பொருள், அதைத் தோண்டிய ஊர், அதைக் கொண்டுபோன பாதை, பாதையில் காத்திருந்த கள்வர். இங்கே பொருள் தங்கம் இல்லை, கல். காலமும் மிக முந்தியது.

காங்கயத்திலிருந்து திருப்பூர் போகும் சாலையில் சிவன்மலையைத் தாண்டினால் படியூர். சிவன்மலைக்கு வருகிறவர்கள் முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஆண்டவன் உத்தரவுப் பெட்டியில் இந்த முறை என்ன வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த மலையைச் சுற்றிய நிலம்தான் பழங்காலத்து உலகத்துக்குப் பச்சைக்கல் கொடுத்த நிலம். பூமிக்குள் மிக ஆழத்தில் பாறைக் குழம்பு கடைசியாக, மெதுவாக ஆறுகிறபோது அதில் எஞ்சிய அரிய தனிமங்கள் ஒன்றுகூடிப் பெரிய படிகங்களாக வளரும். பெரில் என்கிற அந்தப் பச்சைக்கல் அப்படி வளர்வது. இயற்கையாகவே ஆறு பட்டையோடு, தூண் வடிவில் இருக்கும். துளி இரும்பு கலந்தால் கடல்நீரின் நீலப்பச்சை ஏறும். ரோமாபுரிப் பெண்கள் விரும்பி அணிந்தது அதைத்தான். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய பிளினி, பெரில் இந்தியாவில் கிடைக்கிறது, வேறெங்கும் கிடைப்பது அரிது என்கிறார். இந்தியர்கள் அதை நீளமான உருளைகளாகச் செய்ய விரும்புவார்கள் என்றும், படிகத்துக்குச் சாயமேற்றிப் போலிக் கற்கள் செய்வதில் கெட்டிக்காரர்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறார்.

படியூரில் பெரில், சிவன்மலைப் பக்கம் நீலக்கல், அரசம்பாளையம் பக்கம் வெங்கமேட்டில் படிகம். மூன்றும் கொடுமணலுக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கல் கிடைப்பது மட்டும் ஓர் ஊரை உண்டாக்கிவிடாது. கொடுமணல் ஊரானது அங்கே இருந்த கைகளால். 1985 தொடங்கித் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் எ. சுப்பராயலு, கா. ராஜன் முதலியோரைக் கொண்டு அங்கே அகழ்ந்தது. ஊரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஈரோட்டுப் புலவர் செ. இராசுவுக்கும் பங்கு உண்டு. தோண்டியபோது முடிந்த மணிகளோடு முடியாத மணிகளும் வந்தன. சில்லு பெயர்த்த கல், உரசித் தேய்த்த கல், மெருகேற்றிய கல், துளை போடும்போது உடைந்த கல் என்று வேலையின் ஒவ்வொரு படியும் தரையில் கிடந்தது. வெளியூர்க்காரன் வந்து கல்லை வாங்கிக்கொண்டு போய் எங்கேயோ பட்டை தீட்டவில்லை. தீட்டியது இங்கே, துளையிட்டது இங்கே. இரும்பு உருக்கிய உலைகளும் இங்கேயே இருந்தன, எஃகு செய்த அடையாளமும் கிடைத்தது.

இங்கே இல்லாத கல்லும் இங்கே வந்து மணியானது. குஜராத் பக்கத்துச் சூதுபவளம், ஆப்கானிஸ்தானத்து லாபிஸ் லசூலி இரண்டும் கொடுமணல் மண்ணில் கிடைத்திருக்கின்றன. ஒரே ஒரு ஈமக்குழியில் 2,000-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன. யாரோ ஒருவரை அத்தனை மணிகளோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். பானை ஓடுகளில் தமிழ்-பிராமி எழுத்தில் ஆட்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்தார்கள். ஆதன் என்ற தமிழ்ப் பெயரோடு, விசாகி, சுமணன் என்ற வடக்கத்திப் பெயர்களும் அதில் உண்டு. வணிகர் குழுவைக் குறிக்கும் ‘நிகம’ என்ற சொல்லும் ஓர் ஓட்டில் இருக்கிறது. பல ஊர் ஆட்கள் ஒரே தெருவில் வேலை பார்த்த ஊர் அது, பல்லாரட்டைப் போலவே. ஆனால் பல்லாரட்டில் முதல் வெறி சில ஆண்டுகளில் அடங்கிவிட்டது. கொடுமணல் குறைந்தது கி.மு. 4-ஆம் நூற்றாண்டிலிருந்து பல நூற்றாண்டுகள் நின்று தொழில் செய்தது. பதிற்றுப்பத்து அந்த ஊரைக் கொடுமணம் என்று பெயர் சொல்லி, அங்கே செய்த அணிகலனைச் சிறப்பிக்கிறது. சேரனைப் பாடிய புலவர்களுக்கு அது தெரிந்த பெயராக இருந்திருக்கிறது.

செய்த சரக்கு போக வேண்டுமே. மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதற்கப்பால் முசிறித் துறைமுகம். கிழக்கே சேரர் தலைநகர் கரூர். இரண்டுக்கும் நடுவே நொய்யலை ஒட்டிப் போன பெருவழியில் பேரூர், வெள்ளலூர், சூலூர், கொடுமணல். கணவாயிலிருந்து கரூர் நோக்கித்தான் இன்று நாம் வெள்ளகோவில் வழியாக லாரியிலும் பஸ்ஸிலும் போகிறோம். தார் போட்ட தடம் வேறாக இருக்கலாம், போகிற திசை அதேதான். கல்லும் மிளகும் எஃகும் மேற்கே போயின, ரோமானிய வெள்ளிக் காசு கிழக்கே வந்தது. வெள்ளலூரில் 1842-இல் ஒரே புதையலாக 500-க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. காங்கயம் பக்கத்துக் கத்தாங்கண்ணியில் 1913-இல் 233 காசுகள். பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காலத்தவை.

இந்தப் புதையல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எத்தனை காசு, எந்த அரசன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு மனத்தில் நிற்பது வேறொரு கேள்வி. புதைத்தவன் ஏன் திரும்பி வரவில்லை? சேர்த்த பொருளைப் பானையில் போட்டு மண்ணுக்கடியில் வைக்கிறவன் யாருக்கோ பயந்துதான் வைக்கிறான். எடுக்க வராமல் போனால் அவனுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. போராக இருக்கலாம், நோயாக இருக்கலாம். வழியில் கத்தியாகவும் இருக்கலாம்.

வழியில் கத்தி இருந்தது என்பதற்குச் சங்க இலக்கியமே சாட்சி. பாலை வழியில் ஆறலை கள்வர் இல்லாத பாட்டைத் தேடத்தான் வேண்டும். பாலைப் பண்ணை யாழில் கேட்டால் அவர்களும் கையிலுள்ள ஆயுதத்தைப் போட்டுவிடுவார்கள் என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. புலவனின் ஆசையாக அது இருக்கலாம், ஆனால் பாதையில் நடக்கிற பாணனுக்கு அந்த ஆசை எவ்வளவு தேவைப்பட்டது என்பதும் அதில் தெரிகிறது. பெரும்பாணாற்றுப்படையில் மிளகு மூட்டை சுமந்த கழுதைகள் போகும் பெருவழியில் சுங்கச் சாவடியும் வில்லேந்திய காவலும் வருகின்றன. ஆஸ்திரேலியாவில் தங்க வண்டிக்கு முன்னும் பின்னும் குதிரையில் போன காவலர்களுக்குப் பதினேழு, பதினெட்டு நூற்றாண்டுகள் மூத்த காவல் அது.

பெயரோடும் இடத்தோடும் ஒரு கொள்ளை நமக்குத் தெரிவது திருமுருகன்பூண்டியில். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே, நல்லாற்றங்கரையில் இருக்கிற சிவன் கோயில். சுந்தரர் கொடுங்கோளூரில் சேரமான் பெருமாளிடம் விருந்தாளியாக இருந்துவிட்டு, அவர் கொடுத்த பொன்னும் மணியும் ஆளேற்றித் திருவாரூர் திரும்புகிறார். கொடுங்கோளூர் பழைய முசிறியின் பக்கத்து ஊர். ஆகவே கல் மேற்கே போன அதே பாதையில் செல்வம் கிழக்கே வருகிறது. பூண்டியில் வேடர்கள் மறித்து அத்தனையையும் பறித்துக்கொள்கிறார்கள். வந்தவர்கள் சிவனின் பூதகணங்கள், இறைவன் தன் கையால் கொடுக்க விரும்பி நடத்திய விளையாட்டு என்பது பெரியபுராணம் வழிவரும் வரலாறு. சுந்தரரைக் கூப்பிட்டுப் பொருள் இருந்த இடத்தைக் காட்டியவர் என்று அங்கே கூப்பிடு விநாயகர் இருக்கிறார். மாசியில் வேடுபறித் திருவிழா நடக்கிறது.

இந்தக் கொள்ளையைப் பற்றிச் சுந்தரர் அங்கே பாடிய பதிகத்தைப் பக்தியோடு ஓதுகிறார்கள். அதை ஒருமுறை வழிப்போக்கன் ஒருவனின் வாக்குமூலமாகவும் படித்துப் பார்க்க வேண்டும். வளைத்த வில்லோடு கரடுமுரடாகக் கத்திக்கொண்டு பாய்கிறார்கள், அடிக்கிறார்கள், குத்துகிறார்கள், உடுத்திய துணியைக்கூட உருவிக்கொள்கிறார்கள். இதை எல்லாம் சொல்லிவிட்டு, இப்படிப்பட்ட ஊரில் நீர் எதற்காக இருக்கிறீர் என்று இறைவனையே திருப்பித் திருப்பிக் கேட்கிறார் சுந்தரர். தோழனிடம் கோபித்துக்கொள்ளும் உரிமை அதில் இருக்கிறது, பறிகொடுத்தவனின் நடுக்கமும் இருக்கிறது. கொங்கு நாட்டுப் பெருவழிக் கொள்ளை பற்றி இவ்வளவு நேரடியான பழைய குரல் வேறு எனக்குத் தெரியவில்லை.

பறித்தவர்கள் பக்கம் நின்று யாரும் பாடவில்லை. நெட் கெல்லி எழுதவைத்த கடிதம் இருக்கிறது. ஏழைக் குடியேறிகளின் குமுறல் அதில் பதிவாகியிருப்பதால்தான் அவனைத் திருடன் என்றும் வீரன் என்றும் இரண்டு விதமாகப் பேச முடிகிறது. பூண்டி வேடர்களின் பேச்சு நமக்குக் கிடைக்கவில்லை. காடும் வேட்டையும் கொண்டு வாழ்ந்தவர்கள் நடுவே திடீரென்று மணியும் பொன்னும் சுமந்த மாடுகள் போகத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசிக்க மட்டும் முடியும்.

அரசர்களும் வணிகர்களும் தங்கள் வழியில் இதற்கு ஏற்பாடு செய்தார்கள். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருக்கிறது. வட்டெழுத்திலும் தமிழிலும் வெட்டியது, முதலாம் ஆதித்த சோழன் காலத்தது. கொங்கைப் பிடித்த சோழன் ஒரு சாலைக்குத் தன் பட்டப்பெயரை வைத்தான் என்றால் அந்தச் சாலையின் மதிப்பு புரியும். பிறகு வந்த ஐந்நூற்றுவர் போன்ற வணிகக் குழுக்கள் எறிவீரர் என்று சொந்தப் படையே வைத்துக்கொண்டன.

கம்பெனி ஆட்சி வந்ததும் படியூர்க் குழி மறுபடி திறந்தது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற கம்பெனி அதிகாரி 1819, 1820 ஆண்டுகளில் அங்கே பெரில் தோண்டினார். 2,000-க்கும் மேற்பட்ட கற்கள் எடுத்து, சுமார் 1,200 பவுன் ஈட்டினார். அதோடு அந்த அத்தியாயம் முடிந்தது. ஹீத் பிறகு பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு ஆலைகள் அந்த முறையால் கொழித்தன, அவர் வழக்காடியே காலத்தைக் கழித்தார். எஃகு உருக்கிய கொடுமணலுக்கு எட்டும் தூரத்தில் கல் தோண்டிய ஒருவர் கடைசியில் எஃகுக்கே போய்ச் சேர்ந்தது என்னை வியக்க வைக்கிறது.

ஆஸ்திரேலியாவே நேரில் வந்ததும் உண்டு. விக்டோரியாவில் சுரங்கத் துறைச் செயலாளராக இருந்த ராபர்ட் ப்ரோ ஸ்மித் 1879-இல் அழைக்கப்பட்டு வந்து, நீலகிரியில் தேவாலா, பந்தலூர் பக்கத்துத் தங்கப் பாறைகளை ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு அவர் அறிக்கை வந்ததும் லண்டனில் முப்பதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் எல்லாம் படுத்தன. பந்தலூர் மலைகளில் இன்று தேயிலை, அதன் நடுவே மூடாத சுரங்கக் குழிகள். அங்கே கொள்ளை போனது பங்கு வாங்கியவர்களின் பணம்.

கொடுமணலுக்கு வந்த சேதம் வேறு மாதிரி. அதே நொய்யலில், ஊருக்குப் பக்கத்திலேயே 1992-இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டினார்கள். பாசனத்துக்கென்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. கிணறு கெட்டது, காடு கெட்டது. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் வரைக்கும் போனது வழக்கு. மணி தீட்டியவர்கள் தண்ணீர் மொண்ட ஆறு அது.

தொல்லியல் துறை 2020-க்குப் பிறகும் கொடுமணலில் அகழ்ந்தது. ஆனாலும் வாழிடமும் ஈமக்காடுமாகப் பரந்து கிடக்கும் நிலத்தில் தோண்டியது சிறு பகுதிதான். மீதி உழவுக் காட்டுக்குள் இருக்கிறது. டிராக்டர் ஓட்டி மேடு நிரவும்போது ஒரு கல்வட்டம் போனால் போனதுதான், அதற்குள் இருந்த பானையில் எந்தப் பெயர் கீறியிருந்தது என்பதை யாரும் மறுபடி படிக்க முடியாது. காட்டுக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அது அவர்கள் பட்டா நிலம். ஈமக்காட்டையாவது அரசு விலை கொடுத்து வாங்கிக் கம்பி வேலி போட வேண்டும். எடுத்த மணிகளில் சிலவற்றைக் காங்கயத்திலோ சென்னிமலையிலோ ஒரு சிறு கூடத்தில் வைத்தால், சிவன்மலைக்கு வருகிற கூட்டம் அங்கேயும் வரும்.