ஊர் துரத்திய மருத்துவன்

1528-ஆம் ஆண்டு. ரைன் ஆற்றங்கரையிலே பாசல் நகரம். அந்நகரை விட்டு ஒருவன் ஓடுகிறான். கொலைகாரனல்லன், கொள்ளைக்காரனுமல்லன். அந்நகரின் மருத்துவன்! பாரசெல்சஸ் என்பது அவன் பெயர்.

அவன் செய்த குற்றந்தான் என்ன? பல்கலைக்கழகத்திலே இலத்தீனில் பாடம் சொல்வதே மரபாக இருந்த காலத்தில், மக்கள் பேசும் ஜெர்மன் மொழியிலே மருத்துவம் போதித்தான். 1527 ஜூன் 24-ஆம் நாள், விழாத் தீயிலே பழம்பெரும் மருத்துவ நூலொன்றை வீசினான். ஏடு சொல்வதை நம்பாதே, நோயாளியைப் பார் என்பது அவன் பாடம். நாவிதரிடமும் மருத்துவச்சியரிடமும் கற்றதாகக் கூச்சமின்றிக் கூறினான். பொறுப்பார்களா பட்டம் பெற்ற பண்டிதர்கள்?

சமயம் பார்த்திருந்தனர், வாய்த்தது. நோயுற்ற மதகுரு ஒருவர், குணமாக்கினால் 100 குல்டன் தருவதாக வாக்களித்தார். குணமானார், 6 குல்டன் நீட்டினார்! வழக்கு மன்றம் சென்றான் மருத்துவன். தீர்ப்போ குருவின் பக்கம். மன்றத்தையே ஏசினான், சிறை நெருங்கியது, ஊரை விட்டு ஓடினான்.

அதன்பின் அவனுக்கு நிலையான வீடு இல்லை. நூரம்பெர்க் நகரிலே எழுதினான். லைப்சிக் பண்டிதர்கள் சொல் கேட்டு, அச்சிடத் தடை விதித்தது நகராட்சி. கந்தல் உடை கண்டு, இவனா மருத்துவன் என்று விரட்டிய ஊரும் உண்டு. ஆயினும் பேனா ஓயவில்லை. சுரங்கத் தொழிலாளரின் மார்பு நோய் மலைப் பூதம் தந்த தண்டனையன்று, சுவாசிக்கும் உலோக ஆவியின் விளைவு என்று எழுதினான். 1518-இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரமக்கள் ஆடி ஆடி வீழ்ந்தார்களே, அந்நோய் புனிதர் வீட்டஸின் கோபமன்று, இயற்கையான காரணமுண்டு என்றான். 1541-இல் சால்ஸ்பர்க் நகரிலே மாண்டான். உடைமைகளை ஏழைகளுக்கு எழுதி வைத்தான். சுரங்க நோய் பற்றிய நூல் அச்சேறியது 1567-இல். அவன் கண்மூடி 26 ஆண்டுகள் கழித்து!

இந்த வரலாற்றைப் படிப்பகங்களிலே நாம் பலமுறை பேசியிருக்கிறோம். கைதட்டலுக்குக் குறைவில்லை. மூடநம்பிக்கை தீண்டாத மாமனிதன் என்று முழங்கி முடிப்போம்.

ஒருநாள் கூட்டம் கலைந்தபின் இளைஞரொருவர் அருகே வந்தார். "அண்ணே, அவன் கோள்களின் ஆற்றலை நம்பினானாமே? நீரிலும் நெருப்பிலும் வாழும் உயிர்களைப் பற்றித் தனி நூலே எழுதினானாமே? மெய்தானா?"

மெய்தான். நாம் அறியாததன்று, அறிந்தே மறைத்தோம்! சொன்னால் கைதட்டல் குறையுமோ என்ற அச்சம். மாற்றார் சிரிப்பார்களோ என்ற தயக்கம். "ஆமாம் தம்பி, சொல்லாமல் விட்டது எம் தவறு" என்றோம். அந்த இளைஞர் முகத்திலே ஏமாற்றம் தெரிந்தது. அவன் மீதா, நம் மீதா? கேட்கத் துணிவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அற்புதத்தை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது பூசாரியின் தொழிலல்லவா? அதே தொழிலை நாமும் செய்துவிட்டு, பகுத்தறிவு என்று பெயர் சூட்டலாமா? அவன் வாழ்நாளெல்லாம் எதிர்த்தது எதை? பெரியவர் சொன்னார், ஆகவே மெய் என்ற வாதத்தை. அவனையே ஆராயக் கூடாத பெரியவனாக்கினால், அவன் தீயிலிட்ட ஏட்டை நாமே எடுத்து மறுபடியும் பீடத்தில் வைத்தவர்களாவோம்.

முழுமையாகச் சொல்வதால் அவன் சிறுத்தானா? இல்லை, தோழர்களே! இருட்டிலே பிறந்து, இருட்டையே சுவாசித்து, அந்த இருட்டின் ஒரு பகுதியைத் தன் நெஞ்சிலும் சுமந்தவன். எனினும் சுரங்க வாயிலிலே நின்று, இது பூதமன்று, புகை என்று கூறினான். கறையற்ற தேவனுக்கு இது எளிது. கறைபட்ட மனிதன் செய்தானே, அதுவே பெருமை!

இப்போதும் அவன் கதையைச் சொல்கிறோம். கோள்களையும் சேர்த்தே சொல்கிறோம். கைதட்டல் சற்றுக் குறைகிறது. கேள்விகள் கூடுகின்றன. நமக்கு வேண்டியது அதுதானே!