கரிய மணலிற் கண்ட வண்ணங்கள்

திருகோணமலையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீற்றர் சென்றால் புல்மோட்டையை அடையலாம். மாசி மாதத்து மாலையொன்றில் அக்கடற்கரையில் நாம் நின்றபோது, அலை வந்து மீளுமிடமெல்லாம் மை பூசியதுபோற் கரிய மணல் படிந்திருக்கக் கண்டோம். உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியே கடலையடைந்த துகள்கள் இவை. சாதாரண மணலாகிய படிகக்கல் நீரினும் இரண்டரை மடங்குக்குச் சற்றே மேற்பட்ட கனமுடையது. கரிய இல்மனைற்றோ நான்கரை மடங்குக்கும் மேல். ஆதலின் அலைகள் இலேசானதை வாரிச் சென்று, கனமானதைக் கரையில் விட்டுவிடுகின்றன. நம் தாய்மார் சுளகிற் புடைப்பதும் இதே முறையன்றோ?

ஒரு சிட்டிகை மணலைக் கடதாசியிற் பொதிந்து விடுதிக்குக் கொணர்ந்தோம். பத்து மடங்கு பெருக்கும் நுணுக்குக்காட்டி வில்லையொன்றைக் கமராவிற் பொருத்தினோம். மணியொன்றின் அகலம் மில்லிமீற்றரில் ஐந்திலொரு பங்களவே. ஒரு படத்தில் தெளிவாக விழும் ஆழமோ ஏறத்தாழ நூறிலொரு பங்கு. ஆகவே கமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி நாற்பது படங்கள் எடுத்து, அவற்றின் தெளிந்த பகுதிகளைக் கணினியில் இணைத்தல் வேண்டும். முப்பதாவது படத்தின்போது தெருவில் லொறியொன்று சென்றது, மேசை அதிர்ந்தது, அத்தனையும் வீணாயின. தெரு உறங்கிய பின், நள்ளிரவில் மீண்டும் தொடங்கினோம்.

விடியற்காலையில் திரையிலே படம் உருப்பெற்றது. கறுப்பென்று நாம் எண்ணிய மணலில், இல்மனைற்றுக்கிடையே செங்கபில நிற ரூற்றைல், கண்ணாடி போன்ற சேர்க்கன், இளஞ்சிவப்புக் காணெற்று, தேன்நிற மொனசைற்று யாவும் மணிமாலை அறுந்து சிதறியதுபோற் கிடந்தன. நம் நாட்டுப் பாறைகளிற் பிறந்த சேர்க்கன் மணிகள் 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதுமையுடையன. முனை மழுங்கிய அச்சிறுமணியில் அதன் நெடும்பயணமே எழுதப்பட்டிருந்தது.

இம்மணலின் பொருட்டு 1957ஆம் ஆண்டில் அரசு கூட்டுத்தாபனமொன்றை நிறுவியது. இல்மனைற்றிலுள்ள தைற்றேனியத்திலிருந்தே வெண்ணிறப் பூச்சுக்குரிய வெண்மை கிடைக்கின்றது. கரிய மணல் வெண்மை தருவது விந்தையே. ஆயினும் அது நெடுங்காலமாக மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. அதன் பயனை ஆக்கியோர் பிறநாட்டினர். தம் காலடியிற் கிடப்பது யாதென உற்று நோக்கும் மாணவர் பெருகினாலன்றி இந்நிலை மாறுமா?

விடுதிக்காரர் படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறந்ததிலிருந்து அம்மணலில் நடந்தவர் அவர். தம் மகளின் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிரதி வேண்டுமென்றார். கொடுப்பதாக வாக்களித்து, எஞ்சிய மணலைக் கரையிற் சேர்த்துவிட்டுப் புறப்பட்டோம்.