டக்கோட்டா

(மூன்றாம் ஆண்டு, வரலாறு)

இராணுவத்தில் சேர்ந்த என் அண்ணனுக்கு லேவுக்கு மாற்றலானபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அத்தனை உசர மலையில ஏரோப்ளேன் எப்படிடா இறங்கும்?" பட்டம் வாங்கப் போகும் எனக்குப் பதில் தெரியவில்லை. வெட்கத்தோடு நம் கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்குதான் டக்கோட்டா அறிமுகமாயிற்று.

அது போருக்கென்று பிறந்த விமானமன்று. அமெரிக்காவில் 1935 டிசம்பர் 17-இல் முதன்முதலாகப் பறந்த அந்த டக்ளஸ் விமானத்தில், பயணிகள் உறங்கியபடியே ஊர் போய்ச்சேர 14 படுக்கைகள் இருந்தன. பகல் பயணத்துக்கான டிசி-3 வகையில் 21 இருக்கைகள். உலகப் போர் வந்ததும் தரையைப் பலப்படுத்தி, ஜீப் ஏறுமளவுக்குக் கதவை அகலமாக்கி, மெத்தை இருக்கைகளுக்குப் பதில் சுவரோரம் பெஞ்சுகளைப் பொருத்தினார்கள். ஏறத்தாழ 10,000 விமானங்கள் இப்படிப் பட்டாளத்துக்குப் போயின. போர் ஓய்ந்ததும் மிஞ்சியவற்றை நம் நாட்டுத் தனியார் கம்பெனிகள் மலிவாக வாங்கி, மறுபடியும் இருக்கைகள் போட்டு, டிக்கெட் விற்றன. சிப்பாய்க்கு ஓய்வு கிடைத்ததுபோல் எனக்குப் பட்டது.

ஓய்வு எத்தனை நாள்? 1947 அக்டோபர் 27 காலையில் ஸ்ரீநகருக்குப் படை அனுப்ப விமானப்படையிடம் இருந்தவை போதவில்லை. கம்பெனி விமானங்களைக் கேட்டு வாங்கி, இருக்கைகளைக் கழற்றி, ஒன்றாம் சீக்கியப் படையினரை ஏற்றினார்கள். இறங்குமுன் வட்டமிட்டு, நிலையம் எதிரி கையில் விழுந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமென்பது உத்தரவு. படைத்தலைவர் ரஞ்சித் ராய் அன்றே உயிர் நீத்தார். அடுத்த ஆண்டு மே 24-இல், காற்றழுத்த வசதியில்லாத இன்னொரு டக்கோட்டாவை மெஹர் சிங் லேயில் இறக்கினார். உடன் அமர்ந்திருந்தவர் தளபதி திம்மய்யா.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மெஹர் சிங்கைவிட அந்தக் கம்பெனி விமானிகளே அவர் மனத்தில் தங்கினார்கள். "அவங்க பட்டாளத்துக்காரங்க இல்லியே, அவங்க வீட்டுல என்ன சொல்லிட்டுப் போயிருப்பாங்க?" என்றார். எந்தப் புத்தகத்தில் தேடுவது இதை?

மறுவாரம் அண்ணன் லேயிலிருந்து போன் செய்தான். அம்மா முதலில் கேட்டது, "சீட்டுல உக்காந்தாடா போன?"

"சண்டிகர்லேர்ந்து பட்டாள விமானம்மா. சுவரோரமா வலை மாதிரி ஒண்ணு, அதுலதான். முழங்கால் இடிச்சுக்கிட்டே போனோம்."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்றார்.