முழு டப்பா கேஸ்

மே 8

இணையத்தில் வாங்கிய ஆர்-134ஏ டப்பாவைத் தம்பி வாசலிலேயே மாட்டி, காருக்கு ஏ.சி. கேஸ் ஏற்றினான். 450 கிராம், மிச்சமில்லாமல். கிளம்பியபோது ஜில்லென்று இருந்தது. காளவாசல் சிக்னலில் நின்றதும் அனல் காற்று. பைபாஸில் வேகம் பிடித்ததும் மறுபடி குளிர்ச்சி.

மே 9

நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர் ஃபேனை. பானெட்டைத் திறந்து பார்த்தோம், நன்றாகவே சுற்றுகிறது. ஆனால் கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டுவதும் சற்று நேரத்தில் விடுவதுமாக இருந்தது.

"கேஸ் பத்தலக்கா, இன்னொரு டப்பா போட்ருவோம்" என்றான். கேஸ் குறைந்தாலும் கிளட்ச் இப்படித்தான் செய்யும், கூடினாலும் இப்படித்தான். டப்பாவோடு வரும் கேஜ் லோ பக்கத்தை மட்டுமே காட்டும். ஹை பக்கம் தெரியாமல் இனி ஒரு கிராம்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 10

காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஏ.சி. மெக்கானிக் அண்ணன் தன் கேஜின் நீலக் குழாயை லோ பக்கமும் சிவப்புக் குழாயை ஹை பக்கமும் மாட்டினார். நிழலில் 32 டிகிரி. இரண்டு முள்ளும் 100 பி.எஸ்.ஐ.யை ஒட்டி நின்றன. கேஸ் சரியாக இருக்கிறது என்று தம்பிக்கு நிம்மதி.

"இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது தம்பி. உள்ள திரவம் கொஞ்சம் கெடந்தாலே இந்தச் சூட்டுக்கு இந்த பிரஷர்தான் நிக்கும். 200 கிராம் இருந்தாலும் இதான், 500 இருந்தாலும் இதான்."

இன்ஜினை ஓடவிட்டு ஏ.சி.யைப் போட்டதும்தான் விஷயம் வெளிவந்தது. சிவப்பு முள் 400-ஐத் தாண்டி ஏறியது. கிளட்ச் விட்டது, முள் சரிந்தது, மறுபடி ஏறியது. லோ பக்கமும் 60-க்கு மேல். கேஸ் மிதமிஞ்சிப் போயிருக்கிறது. கண்டென்சரில் திரவம் தேங்கினால் சூட்டை வெளியேற்றும் இடம் குறைந்துவிடும். பிரஷர் எகிறும், உடைந்துபோகாமல் காக்க, சென்சார் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். வண்டி ஓடும்போது எதிர்காற்றுதான் காப்பாற்றியிருக்கிறது.

ரெகவரி மெஷினில் இழுத்து எடையைப் பார்த்தார்: 520 கிராம். பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 380 என்றுதான் இருக்கிறது.

இத்தோடு விட்டிருந்தால் வேலை பாதிதான். ஏ.சி. கேஸ் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. தம்பி டப்பா போடும் முன்பே குறைந்திருந்தது என்றால் எங்கோ கசிகிறது. டார்ச் அடித்துத் தேடியபோது, கண்டென்சர் பைப் இணைப்பைச் சுற்றி எண்ணெயில் புழுதி ஒட்டிக் கறுப்பு வளையம். கழற்றினால் ஓ-ரிங் காய்ந்து வெடித்திருந்தது. புதிது மாட்டி, அரை மணி நேரத்துக்கு மேல் வேக்கம் போட்டார். டப்பா மாட்டியபோது குழாய் வழியே நுழைந்த காற்றும் ஈரமும் போக வேண்டுமே. பம்பை நிறுத்திய பிறகும் முள் அசையவில்லை. தராசில் வைத்து 380 கிராம் ஏற்றினார். நின்ற வண்டியிலேயே வென்ட்டில் 9 டிகிரி காட்டியது.

மே 12

கூடுதல் கேஸை வால்வை அமுக்கி ஊதிவிட்டால் செலவில்லாமல் முடிந்திருக்குமே என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆர்-134ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் புவியைச் சூடாக்குவது. இதைப் போன்ற வாயுக்களைக் குறைக்கும் கிகாலி ஒப்பந்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றிருக்கிறது.

வண்டிக்கு கேஸ் ஏற்றப் போகிறவர்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: ரெகவரி மெஷின் இருக்கிறதா? லீக் பார்த்தீர்களா? எத்தனை கிராம் போடுகிறீர்கள்? பதில் சொல்லாத கடையில் பானெட்டைத் திறக்காதீர்கள்.